மாத்தளைப் பெருந்தெருவில் எண்ணெயும் நீரும்

உப்பு வணிகரான உமணரின் வழக்கமொன்றைப் புறநானூற்றில் ஔவையார் குறிப்பிடுகின்றார். வண்டிக்கு உரிய அச்சோடு அமையாது, அதன் கீழே மற்றுமோர் அச்சினையும் கட்டிக்கொண்டு செல்வது அவர்தம் வழக்கம். ஏற்றிய பாரம் பெரிது. பூட்டிய எருதுகள் இளையன. வழியிலே மேடும் பள்ளமும் எவ்வாறு அமையுமென்று முன்கூட்டி அறிதல் அரிது. ஆகவே, நேரக்கூடிய இடரைப் புறப்படுமுன்னரே எண்ணி அதற்கு வேண்டியதைத் தேடிக்கொள்ளும் அறிவு தமிழ் வணிகரிடையே ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே நிலவியது என்பது இதனாற் பெறப்படும்.

அந்த மாற்று அச்சின் இடத்தை இன்று இரண்டு திரவங்கள் பெற்றுள்ளன. இயந்திரத்தின் உறுப்புகளிடையே ஓடி உராய்வைத் தணிக்கும் மசகெண்ணெய் ஒன்று. இயந்திரத்தைச் சூழ ஓடி, அதன் வெப்பத்தை வாங்கி, ரேடியேற்றர் வழியே காற்றிற்கு வழங்கும் குளிர்விக்கும் திரவம் மற்றொன்று. முன்னையதை எஞ்சின் ஒயில் என்றும் பின்னையதைக் கூலன்ற் என்றும் நம்மவர் வழங்குவர். இவற்றுள் எதனைத் தெரிந்தெடுப்பது என்பது வாகனம் வைத்திருப்போர் அனைவரும் எதிர்கொள்ளும் வினா. சிறிய வினாவாகத் தோன்றினும் அதற்கு நீண்டதொரு வரலாறு உண்டு. தொடக்கத்தில் இத்தெரிவு கைப்பழக்கத்தைச் சார்ந்திருந்தது. பின்னர் விற்போரைச் சார்ந்தது. இன்று கலத்தின்மேல் அச்சிடப்பெற்ற எண்ணையும் எழுத்தையும் சார்ந்துள்ளது. எனினும் அவ்வெண்ணின் பொருள், அதனால் நன்மை பெறவேண்டியோருக்கு இன்னும் முழுமையாகச் சென்றடையவில்லை. இதனை மாத்தளை மாவட்டத்தை நிலைக்களனாகக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நிலமும் வழியும்

இவ்வாராய்ச்சிக்கு மாத்தளை பொருத்தமான களமாதற்குக் காரணம் அதன் நிலவமைப்பேயாகும். கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் வரை 321 கிலோமீற்றர் நீளும் ஏ-9 பெருந்தெரு இம்மாவட்டத்தைத் தெற்கு வடக்காக ஊடறுத்துச் செல்கின்றது. கண்டியிலிருந்து அக்குறணை, அலவத்துகொடை வழியாக வரும் வாகனம் பலகடுவைக் கணவாயின் வளைவுகளைக் கடந்து மாத்தளை நகரை அடைகின்றது. நகரின் உயரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 360 மீற்றர். அங்கிருந்து நாலந்தை, நாவுலை வழியாக வடக்கே செல்லச் செல்ல நிலம் தாழ்ந்து, 200 மீற்றருக்கும் குறைந்த உயரத்திலுள்ள தம்புள்ளையின் வறண்ட வெளியோடு சேர்கின்றது. கிழக்கே இறத்தோட்டை வழியாக ரிவர்ஸ்ரன் பக்கம் திரும்பினால், நக்கிள்ஸ் மலைத்தொடரின் குளிரும் மூடுபனியும் எதிர்ப்படும்.

ஒரே நாளில் ஒரே லொறி தம்புள்ளையின் வெயிலிலே மரக்கறி ஏற்றி, மாத்தளையைக் கடந்து, பலகடுவையின் ஏற்றத்தை முழுப்பாரத்துடன் ஏறிக் கண்டியை அடைய வேண்டியுள்ளது. 1999இல் தம்புள்ளையிற் பொருளாதார மத்திய நிலையம் திறக்கப்பட்டதன் பின்னர் இவ்வழியிற் செல்லும் மரக்கறி லொறிகள் மிகப் பெருகின. வெப்பம், ஏற்றம், சுமை என்னும் மூன்றும் இயந்திரத்தை ஒருசேரச் சோதிக்கும் வழி இது.

இப்பெருந்தெருவின் பழைய வரலாறும் ஈண்டு நினைவுகூரத்தக்கது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் கோப்பித் தோட்டங்கள் பெருகியபோது, தமிழ்நாட்டிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கிய தொழிலாளர் கூட்டங்கூட்டமாகக் காட்டுவழியே நடந்து, தம்புள்ளையையும் நாலந்தையையும் கடந்து மாத்தளையை அடைந்தனர். பசியாலும் நோயாலும் வழியிலேயே மாண்டோர் பலர். 1848ஆம் ஆண்டுத் தெருச் சட்டம், வயதுவந்த ஆடவர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஆறு நாள் தெரு வேலை செய்தல் வேண்டும், அன்றேல் அதற்கீடாகப் பணம் செலுத்துதல் வேண்டும் என விதித்தது. அதே ஆண்டில் மாத்தளையில் மூண்ட கிளர்ச்சிக்கு அச்சட்டமும் ஒரு காரணமாயிற்று. இன்று நாம் விரைந்து கடக்கும் தெருக்களின் அடியில் இத்தகைய உழைப்பும் துன்பமும் புதைந்துள்ளன என்பது மறக்கற்பாலதன்று.

கோப்பி மூடைகளை மலையிலிருந்து இறக்கியவை மாட்டுவண்டிகளே. மரச்சக்கரம் இரும்பு அச்சில் உராயுமிடத்திற்கு ஆமணக்கெண்ணெயை வைக்கோற்கரியோடு குழைத்து இடுவது தமிழ் வண்டிக்காரரின் பழைய முறை. எண்ணெய் மட்டும் இட்டால் ஒழுகிப் போகும். கரி சேர்ந்தால் நின்று பிடிக்கும். அதிகம் தடித்தாலோ சக்கரம் இறுகும். எவ்வளவு எண்ணெய்க்கு எவ்வளவு கரி என்பதை வண்டிக்காரன் விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்தே அறிந்தான். மசகெண்ணெயின் தடிப்புப் பற்றிய பிற்கால ஆராய்ச்சிகள் யாவும் அவ்விரல்களில் முளைத்த வினாவின் வளர்ச்சியே எனலாம். 1880இல் மாத்தளைக்கு இருப்புப்பாதை வந்து சேர்ந்தபோது நெடுந்தூரப் பாரத்தின் ஒரு பகுதி வண்டியை விட்டகன்றது. ஆயினும் தோட்டத்திற்கும் நிலையத்திற்கும் இடையே வண்டிகள் பல்லாண்டு ஓடிக்கொண்டேயிருந்தன.

மோட்டாரின் வரவும் ஆமணக்கின் பயணமும்

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைத் தெருக்களில் மோட்டார் வாகனங்கள் தோன்றின. அக்கால இயந்திரங்கள் எளிய அமைப்புடையன. 1908இல் வெளிவந்த போர்ட் நிறுவனத்தின் ‘ரீ’ மாதிரிக் காரை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். முதலில் வெளிவந்த சில ஆயிரங்கள் நீங்கலாக, அக்காரில் நீரைச் சுற்றியோடச் செய்யும் பம்பி இல்லை. சூடேறிய நீர் இலேசாகி மேலெழ, குளிர்ந்த நீர் கீழிறங்க, இயற்கையான சுழற்சியே இயந்திரத்தைக் குளிர்வித்தது. அடித்தொட்டியில் இருந்த எண்ணெயைச் சுழலும் உறுப்புகள் வாரியிறைத்தமையே மசகிடும் முறை. இத்தகைய அமைப்பு சமவெளியில் ஒருவாறு போதுமானது. நீண்ட மலையேற்றத்திலோ நீர் கொதித்து ஆவியாக வெளியேறும். ஆகவே வழியிலுள்ள ஓடைகளும் பீலிகளும் மோட்டாருக்கும் தண்ணீர்ப் பந்தல்களாயின.

இதே காலத்தில் வண்டிக்காரனின் ஆமணக்கெண்ணெய் வேறொரு வடிவிலே உலகை வலம்வரத் தொடங்கியது. 1899இல் இலண்டனிற் சார்ள்ஸ் வேக்பீல்ட் என்பார் நிறுவிய மசகெண்ணெய் நிறுவனம், 1909இல் ஆமணக்கெண்ணெய் சேர்ந்த புதியதோர் எண்ணெயை வெளியிட்டது. ஆமணக்கெண்ணெய்க்குரிய ஆங்கிலப் பெயரின் முற்பகுதியைக் கொண்டே அதற்குக் காஸ்ற்றோல் எனப் பெயரிட்டனர். முதலாம் உலகப்போரின் விமானங்கள் பலவற்றில், விசிறியோடு தானும் சேர்ந்து சுழலும் இயந்திரங்கள் பொருத்தப்பட்டிருந்தன. அவை ஆமணக்கெண்ணெயையே வேண்டி நின்றன. உயர்ந்த வெப்பத்திலும் உலோகத்தைப் பற்றி நிற்பது இவ்வெண்ணெயின் சிறப்பு. காலஞ்செல்லப் பிசின்போல இறுகிப் படிவதும், கனிய எண்ணெயோடு எளிதிற் கலவாமையும் அதன் குறைகள். ஆகவே அன்றாட வாகனங்களிற் கனிய எண்ணெயே நிலைபெற்றது. எண்ணெயின் பெயரால் மட்டும் அதன் தகுதியைத் தீர்மானித்தல் தவறு என்பதற்கு இது முதற்சான்றாகும். ஒரே எண்ணெய் ஓர் இயந்திரத்திற்கு அமுதாகவும் மற்றோர் இயந்திரத்திற்கு நஞ்சாகவும் அமைதல் கூடும்.

விரலிலிருந்து எண்ணுக்கு

விரலால் தேய்த்தறியும் முறை ஒரு வண்டிக்காரனுக்குப் போதுமாயிருந்தது. பல்லாயிரம் இயந்திரங்கள் ஒரே அச்சில் வார்க்கப்படும் காலத்தில், யாவர்க்கும் பொதுவான அளவுகோல் வேண்டப்பட்டது. 1905இல் அமெரிக்காவில் தோன்றிய மோட்டார்ப் பொறியியலாளர் கழகம், அதாவது எஸ்.ஏ.ஈ., 1911இல் மசகெண்ணெய்களைத் தடிப்பின்படி வகுக்கும் முறையை வெளியிட்டது. 20, 30, 40, 50 என நாம் இன்று காணும் எண்கள் அக்கழகத்தின் வழிவந்தவை. எண் கூடக்கூடத் தடிப்பும் கூடும். இன்றைய வரையறையின்படி 100 பாகை செல்சியசில் 20ஆம் தர எண்ணெயின் பாகுநிலை 6.9க்கும் 9.3க்கும் இடைப்பட்டது, 30ஆம் தரம் 9.3 முதல் 12.5 வரை, 40ஆம் தரம் 12.5 முதல் 16.3 வரை, 50ஆம் தரம் 16.3 முதல் 21.9 வரை அமையும். இவை செக்கனுக்குச் சதுர மில்லிமீற்றர் என்னும் அலகினாற் கூறப்படுவன.

எண்ணெய் குளிரில் தடிக்கும், வெப்பத்தில் நெகிழும். ஓர் எண்ணால் மட்டும் சுட்டப்படும் எண்ணெய், இயங்கும் வெப்பத்திலே பொருத்தமாயிருப்பின், காலையிற் புறப்படும்போது அளவுக்கு மீறித் தடித்திருக்கும். 1950களிற் பரவத் தொடங்கிய பல்தர எண்ணெய்கள் இக்குறையைப் பெருமளவு நீக்கின. வெப்பம் ஏறும்போது எண்ணெய் மிகையாக நெகிழாதவாறு தடுக்கும் சேர்க்கைப் பொருள்கள் அவற்றிற் கலக்கப்பட்டன. 20டபிள்யூ-50 என்று கலத்தின்மேற் காணும்போது, முன்னுள்ள எண் குளிர்ந்த நிலையின் ஒழுகுதன்மையையும், பின்னுள்ள எண் 100 பாகையின் தடிப்பையும் குறிக்கும். டபிள்யூ என்பது மாரி எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து.

தடிப்பு மட்டுமே எண்ணெயின் குணமன்று. எரிதலால் உண்டாகும் கரியைத் தாங்கி நிற்றல், அமிலத்தை முறித்தல், துருவைத் தடுத்தல் என்பனவும் அதன் கடமைகளே. இவற்றை அளவிட்டுக் கூறுவதற்கு அமெரிக்கப் பெற்றோலிய நிறுவனம் 1947இல் ஒரு பாகுபாட்டை வகுத்தது. பின்னர் அது திருத்தப்பட்டு, பெற்றோல் இயந்திரத்திற்குரிய எண்ணெய்க்கு எஸ் எனவும், டீசல் இயந்திரத்திற்குரிய எண்ணெய்க்குச் சீ எனவும் முதலெழுத்துகள் வழங்கலாயின. அதனையடுத்து வரும் எழுத்து அகரவரிசையில் முன்னேற முன்னேற எண்ணெயின் தகுதியும் உயரும். டீசல் கரி மிகுதியாக விளைப்பது. ஆகவே பெற்றோல் காருக்கு மட்டும் ஏற்ற எண்ணெயை டீசல் லொறிக்கு இடுதல், தடிப்பெண் ஒத்திருந்தாலும், பொருந்தாச் செயலாகும். எழுத்தைப் பாராது எண்ணை மட்டும் பார்த்து வாங்குவோர் இழைக்கும் பிழை இதுவே.

அரசும் எண்ணெயும்

உலகில் இவ்வாறு அளவுகோல்கள் வகுக்கப்பட்டுக்கொண்டிருக்க, இலங்கையில் எண்ணெய் வணிகம் ஷெல், கல்ரெக்ஸ், எஸ்ஸோ முதலிய அந்நிய நிறுவனங்களின் கையிலிருந்தது. 1958 சனவரி முதலாம் நாள் தனியார் பஸ் கம்பனிகள் தேசியமயமாக்கப்பட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபை உருவாயிற்று. வாகனப் பராமரிப்பு அதன் டிப்போக்களில் ஒழுங்கமைந்த தொழிலாக வளர்ந்தது. அங்கு பயின்ற பொறியினைஞர் பலர் பின்னாளில் ஊர்களிற் கராஜ் அமைத்தனர். எந்த இயந்திரத்திற்கு எந்த எண்ணெய் என்னும் அறிவு அவர்கள் வாயிலாக நாட்டுப்புறத்திற் பரவியது.

1961ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தினால் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டது. 1962இல் அந்நிய நிறுவனங்களின் சொத்துகளில் ஒரு பகுதி பொறுப்பேற்கப்பட்டது. நட்டஈட்டுப் பிணக்கின் காரணமாக 1963 பெப்ரவரியில் அமெரிக்கா தன் உதவியை நிறுத்தியது. 1964இன் தொடக்கத்தில் எரிபொருளின் உள்நாட்டு விநியோகம் முழுவதும் கூட்டுத்தாபனத்தின் வசமாயிற்று. 1969இற் சப்புகஸ்கந்தைச் சுத்திகரிப்பு நிலையம் இயங்கத் தொடங்கியது. அது எரிபொருளைப் பிரித்தெடுப்பதேயன்றி மசகெண்ணெய்க்கு வேண்டிய மூல எண்ணெயை ஆக்குவதன்று. ஆகவே மூல எண்ணெய்க்கு நாடு தொடர்ந்தும் இறக்குமதியையே நம்பியிருந்தது.

1970களின் முற்பகுதியில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடும், 1973ஆம் ஆண்டு உலகெங்கும் நேர்ந்த எண்ணெய் விலையேற்றமும் ஒருங்கே வந்தன. புதிய வாகனங்கள் அரிதாயின. மொறிஸ் மைனர், ஒஸ்ரின் முதலிய பழைய கார்களே மீண்டும் மீண்டும் பழுதுபார்க்கப்பட்டு ஓடின. தேய்ந்த இயந்திரத்தில் உறுப்புகளுக்கிடையே வெளி மிகும், எண்ணெய் எரியும், அமுக்கம் குறையும். அதற்குத் தடித்த எண்ணெய் இடுவது ஓரளவு பயன்தரும். தேய்ந்த இயந்திரத்திற்கு ஏற்ற அம்மருந்து, வழக்கத்தின் வலிமையால், எல்லா இயந்திரத்திற்கும் உரிய உணவாகக் கருதப்படலாயிற்று. வெப்பநாட்டிற்குத் தடித்த எண்ணெயே நன்று என்னும் நம்பிக்கை இவ்வாறே வேரூன்றியது என்பது எனது கருத்து.

1977இன் பொருளாதார மாற்றத்தின் பின் யப்பானிய வாகனங்கள் பெருந்தொகையாக வந்தன. 1992இற் கூட்டுத்தாபனத்தின் மசகெண்ணெய்ப் பிரிவு லங்கா லூப்ரிகன்ற்ஸ் என்னும் தனி நிறுவனமாயிற்று. 1994இல் அதன் 51 சதவீதப் பங்குகள் கல்ரெக்ஸ் நிறுவனத்துக்கு விற்கப்பட்டன. மூன்று தசாப்தங்களுக்கு முன் வெளியேறிய பெயர் மீண்டும் உள்ளே வந்தது. அதன்பின் சந்தை படிப்படியாக ஏனைய நிறுவனங்களுக்கும் திறந்துவிடப்பட்டது. விற்போர் ஒருவராயிருந்த காலத்தில் தெரிவு ஒரு சிக்கலாக எழவில்லை. விற்போர் பலராயினபோது கடையின் தட்டுகளிற் பல நிறக் கலங்கள் நிறைந்தன. எவ்வெண்ணெய் நல்லது என்னும் வினாவிற்கு விளம்பரங்களும் கடைக்காரரும் விடை கூறலாயினர். எந்த இயந்திரத்திற்கு நல்லது என்னும் வினாவோ பின்தள்ளப்பட்டது.

நீரின் வரலாறு

எண்ணெயினும் நீர் எளிதிற் கிடைப்பது. ஆகவே அதனைப் பற்றி எண்ணிப் பார்ப்போரும் சிலரே. எரிபொருள் தரும் சக்தியில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குளிர்விக்கும் திரவத்தின் வழியே வெப்பமாக வெளியேறுகின்றது. வெப்பத்தை ஏற்கும் ஆற்றலில் நீருக்கு நிகரான மலிவான திரவம் வேறில்லை. எனினும் அதற்குக் குறைகள் மூன்று உள்ளன. அது எளிதிற் கொதிக்கும், உலோகத்தை அரிக்கும், கரைந்துள்ள உப்புகளைப் படியவிடும்.

முதலாவது கொதித்தல். 300 மீற்றர் உயரத்திற்கு ஏறத்தாழ ஒரு பாகை வீதம் நீரின் கொதிநிலை குறையும். மாத்தளை நகரில் அது 99 பாகைக்குச் சற்றுக் குறைவு. நுவரெலியாவில் ஏறத்தாழ 94 பாகை. மலையேற ஏற இயந்திரத்தின் உழைப்பு கூடுகையில், நீரின் தாங்குதிறன் குறைந்துகொண்டே போகின்றது. இதற்கு மாற்றாக அமுக்க மூடி பயன்படுகின்றது. ரேடியேற்றரின் உள்ளே ஒரு வளிமண்டல அளவு மேலதிக அமுக்கம் இருப்பின், தூய நீரும் 120 பாகை வரை கொதியாது நிற்கும். சூடான நிலையில் அம்மூடியைத் திறந்தால், அமுக்கம் நீங்கிய அக்கணமே நீர் ஆவியாகிப் பீறிட்டெழும். ஈரச்சாக்கைப் போர்த்தி மூடியைத் திருகிய உதவியாளர் முகமும் கையும் வெந்துபோன துயரங்கள் மலைத்தெருக்களில் நேர்வதற்குக் காரணம் இதுவே. இயந்திரம் ஆறும்வரை காத்திருத்தலன்றி இதற்கு வேறு வழியில்லை.

எத்திலீன் கிளைக்கோல் என்னும் திரவத்தைப் பிரெஞ்சு இரசாயன அறிஞர் வூர்ட்ஸ் 1850களில் முதன்முதல் ஆக்கினார். 1920களிலேயே அது மோட்டார்களுக்கெனப் பெருமளவில் ஆக்கப்பட்டது. குளிர்நாடுகளில் நீர் உறையாதிருக்கவே அதனைக் கலந்தனர். சரிபாதி நீருடன் சேர்ந்த கலவை பூச்சியத்திற்குக் கீழ் 37 பாகை வரை உறையாது. நம் நாட்டில் உறையும் அச்சமில்லையாதலால் இது வீண்செலவு என்பார் உளர். அன்னார் கலவையின் மறுபக்கத்தை நோக்குவதில்லை. அதே கலவை திறந்த நிலையிலேயே 106 பாகைக்கு மேற்பட்டே கொதிக்கும். அமுக்க மூடியின் கீழ் அவ்வெல்லை மேலும் உயரும். அதனோடு கலந்துள்ள சேர்க்கைப் பொருள்கள் அரிப்பையும் தடுக்கும். அதற்காகக் கிளைக்கோலை மட்டும் இடுதலும் ஆகாது. வெப்பத்தை ஏந்திச் செல்லும் ஆற்றல் நீரினும் அதற்குக் குறைவு.

படிவு பற்றிய செய்தி மாத்தளைக்குச் சிறப்பாக உரியது. தென்பகுதி மலைகளின் ஓடைநீர் மென்மையானது. தம்புள்ளைப் பகுதி வறண்ட வலயத்தைச் சேர்ந்தது. அங்குள்ள கிணற்றுநீரிற் கல்சியமும் மகனீசியமும் மிகுதி. அந்நீரை நாள்தோறும் கொதிக்கவைக்கும் கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படியும் கல்லை இல்லத்தரசியர் அறிவர். ரேடியேற்றரின் நுண்ணிய குழாய்களுக்குள்ளும் அதே கல் படிகின்றது. குழாய் அடைபடின் வெப்பம் வெளியேறாது. கீழே வற்றிய ரேடியேற்றரைக் கிணற்றுநீரால் நிரப்பிக்கொண்டு புறப்பட்ட லொறி, சில மாதங்களின் பின் பலகடுவையிற் கொதித்து நிற்பதற்குரிய விதை அன்றே இடப்பட்டுவிடுகின்றது.

நீரின் வன்மை உலகளாவிய வேறுபாட்டிற்கும் காரணமாயிற்று. ஐரோப்பாவின் பல பகுதிகளில் நீர் வன்மையானது. அங்கு பொசுபேற்று சேர்ந்த திரவம் வன்னீரோடு கூடிப் படிவை உண்டாக்குமாதலால் அதனைத் தவிர்த்துச் சிலிக்கேற்றைச் சேர்த்தனர். யப்பானியரோ, நீர்ப்பம்பியின் அடைப்புத் தேயாதிருக்கும் பொருட்டுச் சிலிக்கேற்றைத் தவிர்த்துப் பொசுபேற்றைச் சேர்த்தனர். அரிப்பைத் தடுக்கச் சேதன அமிலங்களைப் பயன்படுத்தும் நீண்டகாலத் திரவங்கள் பின்னர் வந்தன. பழைய வகையை ஏறத்தாழ ஈராண்டுக்கு ஒருமுறை மாற்றவேண்டியிருக்க, இவற்றுட் பல ஐந்தாண்டு வரை நிற்பன. வெவ்வேறு வகைகளைக் கலந்தால் ஒன்றின் காப்பை மற்றொன்று குலைத்தலுங் கூடும். பச்சை, சிவப்பு, நீலம் என்னும் நிறங்கள் உற்பத்தியாளர் தாமே இட்டுக்கொண்ட சாயங்களே. நிறம் ஒன்றாயிருத்தல் வகையும் ஒன்றே என்பதற்குச் சான்றாகாது. யப்பானிய வாகனத்திற்கு அந்நாட்டார் விதித்த வகையை வாங்கி, ஏற்கெனவே நீர் கலக்கப்படாததாயின், உப்பு நீக்கிய நீரையே அளவறிந்து சேர்த்தல் தக்கது.

இன்றைய நிலை

மேற்கூறிய வரலாறு இன்று புதியதொரு பொருளைப் பெற்றுள்ளது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி தடைப்பட்டது. 2022இல் நாடு பெரும் பொருளாதார நெருக்கடியில் வீழ்ந்தது. தனியார் வாகனங்களுக்கான தடை 2025 பெப்ரவரியிலேயே நீங்கியது. இவ்வைந்தாண்டு இடைவெளியில் உள்ள வாகனங்களே முதுமையடைந்து உழைத்தன. 1970களின் அனுபவம் மீண்டது எனினும் ஒரு வேறுபாடு உண்டு. அக்கால மொறிஸ் காரின் இயந்திரம் பிழையைப் பொறுத்துக்கொள்ளும் இயல்பினது. இக்காலக் கலப்புமின் வாகனத்தின் இயந்திரமோ மிக நுண்ணிய இடைவெளிகளை உடையது. அவற்றுட் பலவற்றிற்கு 0டபிள்யூ-20, 0டபிள்யூ-16 போன்ற மெல்லிய எண்ணெய்களே விதிக்கப்பட்டுள்ளன.

இத்தகைய வாகனத்திற்கு, வெப்பநாடு என்னும் காரணங்காட்டி 20டபிள்யூ-50 இடுவோரை இன்றும் காணலாம். தம்புள்ளையில் வெயில் எரிப்பினும் ரிவர்ஸ்ரனில் மூடுபனி சூழினும், குளிர்விக்கும் அமைப்பு ஒழுங்காக இயங்கும்வரை இயந்திரத்தின் உள்வெப்பம் பெரிதும் ஒரே அளவிலே நிற்கும். அதற்கென்றே வெப்பநிலை நிறுத்தி என்னும் வாயில் அமைக்கப்பட்டுள்ளது. ஆகவே எண்ணெயைத் தீர்மானிக்க வேண்டியது வெளிவெயில் மட்டுமன்று. இயந்திரத்தை ஆக்கியோன் விட்ட இடைவெளியும் அதன் சுமையுமே ஆகும். தடித்த எண்ணெய் காலையில் இயக்கும்போது ஒடுங்கிய வழிகளில் தாமதித்தே சேரும். தேய்வு மிகுதியாக நிகழ்வதும் அப்போதே. ஆயினும் கைந்நூலிற் பாரச்சுமைக்கெனச் சற்றே தடித்த தரமும் அனுமதிக்கப்பட்டிருப்பின் மலையேறுவோர் அதனைக் கொள்ளலாம். விதி கைந்நூலிலிருந்து வருதல் வேண்டும். செவிவழிச் செய்தியிலிருந்து அன்று.

ஆனால் அக்கைந்நூல் எம்மொழியில் உள்ளது? மீளச்சீர்செய்யப்பட்டு வரும் யப்பானிய வாகனங்களின் கைந்நூல் பெரும்பாலும் யப்பானிய மொழியிலேயே இருக்கும். எண்ணெய்க் கலத்தின்மேல் உள்ள விளக்கங்களோ பெரிதும் ஆங்கிலத்தில். இறத்தோட்டையில் ஒரு வேனை வாங்கிப் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிப் பிழைக்கும் தமிழ்ச் சாரதி ஒருவருக்கு இவ்விரண்டும் எட்டாதவை. அவருடைய வேன் கடனில் வாங்கியதாயிருக்கும். தலைப்பகுதியின் அடைப்பு வெந்துபோய் நீரும் எண்ணெயும் கலந்து மோர்போல் வெளிறினால், பழுதுபார்க்கும் செலவு பல மாத வருவாயை விழுங்கிவிடும். கடன்தவணையோ நிற்காது. எனவே எண்ணெயின் எண்ணைப் படிக்க அறிதல் அவருக்கு வாழ்வாதாரத்தைக் காக்கும் கல்வியாகும்.

தமிழில் இதற்குச் சொல் இல்லையென்று எவரும் கூறவியலாது. மசகு என்பது நம் வண்டிக்காரர் வாயில் வழங்கிய சொல். 19ஆம் நூற்றாண்டில் மானிப்பாயில் மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்கியவர் அமெரிக்கரான சாமுவேல் கிறீன் வைத்தியர். மனித உடலின் நரம்பையும் நாளத்தையும் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே விளக்கிய மொழிக்கு இயந்திரத்தின் எண்ணெய்வழியை விளக்குதல் அரிதன்று. பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் இலக்கிய விழாக்களோடு இத்தகைய பணியையும் மேற்கொள்ளலாம். ஊரில் வழங்கும் வாகனங்களின் பெயர், அவற்றிற்கு விதிக்கப்பட்ட எண்ணெயின் எண், அதன் எழுத்துத் தரம், திரவத்தின் வகை, மாற்றவேண்டிய தூரம் ஆகியவற்றைப் பொறியியற் பீட மாணவரின் துணையோடு தமிழில் ஒரே தாளில் அச்சிட்டு, மாத்தளையிலும் இறத்தோட்டையிலும் தம்புள்ளையிலும் உள்ள கராஜ்களின் சுவரில் ஒட்டச்செய்தல் பெரிய காரியமன்று. உமணர் தம் வண்டியின் கீழே கட்டிச்சென்ற மாற்று அச்சைப்போல, அத்தாளும் மலையேறும் ஒருவருக்கு வேண்டிய நேரத்தில் உதவும்.